கடன் யாருக்குத் தேவை? அமெரிக்க அடமானச் சந்தையின் தேடல் வடிகட்டிகள்

அமெரிக்காவில் வீடு வாங்குவோரில் பெரும்பாலானோர் அந்த வீட்டையே ஈடாக வைத்து, பொதுவாக 30 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் அடமானக் கடனைப் பெறுகின்றனர். அக்கடனை ஏற்பாடு செய்து தரும் கடன் அலுவலருக்கு மாதச் சம்பளத்தைவிட, முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கடன் தொகையிலும் கிடைக்கும் தரகுப் பங்கே முக்கிய வருமானம் என்பதால், யாரை அணுகுவது என்ற கேள்வியே அவரது தொழிலின் பாதி உழைப்பை விழுங்கிவிடுகிறது. இவ்வாறு அணுகத்தக்கவர் என்று கருதப்படும் ஒருவரின் விவரத்தை விற்பனைத் துறையினர் ‘லீட்’ என்கின்றனர். பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தால் அது வெறும் பட்டியல்தான். அந்த மனிதருக்கு இந்த மாதத்தில் கடன் தேவைப்படலாம் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் உடன் இருந்தால்தான் அது லீட் ஆகிறது. அந்தக் காரணத்தைக் கோடிக்கணக்கான ஆவணங்களுக்குள்ளிருந்து பிரித்தெடுக்கும் கருவியே தேடல் வடிகட்டி, அதாவது குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குப் பொருந்துவோரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவிடும் கணினித் தேர்வுமுறை.

இத்தேடல் சாத்தியமாவதற்கு அடிப்படை, அந்நாட்டில் நிலப்பதிவேடுகள் பொது ஆவணங்களாக இருப்பதே. மாநிலங்களின் உட்பிரிவான கவுண்டிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பதிவாளர் அலுவலகம் ஒன்று இருந்து, வீடு கைமாறிய பத்திரம், அதன்மீது ஏற்பட்ட அடமானம், கடன் தீர்ந்தபின் எழுதப்படும் விடுவிப்பு ஆகியவற்றைத் தேதியுடன் பதிந்து வைக்கிறது. வரி மதிப்பீட்டு அலுவலகம் வீட்டின் பரப்பளவு, கட்டிய ஆண்டு, வரிக்கான மதிப்பு, வரி ரசீது அனுப்பப்படும் அஞ்சல் முகவரி ஆகியவற்றை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சொத்தின் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எவரும் எடுத்துப் பார்க்க முடிவதைப் போன்றதே இதுவும். ஆனால் இங்கே சர்வே எண்ணைக் கொடுத்து ஒரு சொத்தின் வரலாற்றைப் பார்க்கிறோம். அங்கே ஆட்டம், கொட்டாலிட்டி போன்ற தரவு நிறுவனங்கள் எல்லாக் கவுண்டிகளின் ஏடுகளையும் திரட்டி ஒரே கிடங்காக்கிவிட்டதால், சொத்தைத் தெரிந்துகொண்டு வரலாற்றைத் தேடாமல், வரலாற்றைச் சொல்லிச் சொத்துகளைத் தேட முடிகிறது. பிராப்ஸ்ட்ரீம் போன்ற சேவைகள் மாதச் சந்தாவுக்கு இக்கிடங்கைத் திறந்துவிடுகின்றன. முதலீட்டாளர்களும் வீட்டுத் தரகர்களும் கடன் அலுவலர்களும் அதே திரையில் வெவ்வேறு வேட்டையை நடத்துகின்றனர்.

தேடலின் முதல் வடிகட்டியை நிர்ணயிப்பது சட்டம். 2008-இல் இயற்றப்பட்ட ‘சேஃப்’ சட்டத்தின்படி, வங்கி அல்லாத நிறுவனங்களில் பணிபுரியும் கடன் அலுவலர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம் பெற வேண்டியிருப்பதால், உரிமமில்லாத மாநிலத்தின் லீட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனற்றது. அடுத்துச் சொத்தின் வகை. அதற்கடுத்து, உரிமையாளர் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாரா என்ற கேள்வி. இதை யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. வீட்டின் முகவரியும் வரி ரசீது போகும் முகவரியும் ஒன்றாக இருந்தால் குடியிருப்பவர் என்றும், வேறாக இருந்தால் வாடகைக்கு விட்டிருப்பவர் என்றும் மென்பொருள் கொள்கிறது. அஞ்சலகப் பெட்டி எண்ணுக்குக் கடிதங்களை வரவழைக்கும் ஒருவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும், பட்டியலில் அவர் ‘வெளியூர் உரிமையாளர்’ ஆகிவிடுவார்.

பணம் சார்ந்த வடிகட்டிகளுக்கு வரும்போது இந்த ஊகத்தன்மை இன்னும் ஆழமாகிறது. கடன் தொகை பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் நிலையான வட்டிக் கடன்களில் வட்டி வீதம் பெரும்பாலும் அடமானப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. எனவே கடன் பதிவான தேதியைப் பார்த்து, அக்காலத்தில் நாட்டில் நிலவிய சராசரி வட்டியை அந்த வீட்டின்மீது ஏற்றி ‘மதிப்பிடப்பட்ட வட்டி’ என்று காட்டுவது வழக்கம். கடனில் இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதும் தவணை அட்டவணைப்படி போட்ட கணக்கே. கூடுதலாகச் செலுத்தி அசலைக் குறைத்தவரை அது அறியாது. வீட்டின் இன்றைய விலை, அக்கம்பக்கத்து விற்பனைகளை வைத்துக் கணினி கணிக்கும் மதிப்பு. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் விற்பனை விலையைப் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டிய கட்டாயமே இல்லாததால், அங்கே அந்தக் கணிப்பின் கால் இன்னும் தளர்ந்து நிற்கிறது. மீதக் கடனை வீட்டின் விலையால் வகுத்தால் கிடைப்பது ‘கடன்–மதிப்பு விகிதம்’. விலையிலிருந்து கடனைக் கழித்தால் கிடைப்பது ‘ஈக்விட்டி’, அதாவது வீட்டில் உரிமையாளருக்கு உண்மையில் சொந்தமான பங்கு. ஊகத்தை ஊகத்தால் வகுத்து வரும் இந்த எண்களே திரையில் தசமப் புள்ளியோடு தோன்றி, துல்லியமானவை போன்ற எண்ணத்தை ஏற்படுத்துகின்றன.

இருந்தும் இந்த எண்கள் பயன்படுகின்றன. காரணம், அமெரிக்க வட்டி வீதத்தின் அண்மைக்கால ஏற்ற இறக்கம். வீட்டுக் கடன்களை வாங்கும் ஃப்ரெடி மேக் நிறுவனம் வாரந்தோறும் வெளியிடும் 30 ஆண்டு நிலைவட்டிச் சராசரி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் என்ற அடிமட்டத்தைத் தொட்டு, 2023 அக்டோபரில் 7.79 சதவீதம் வரை ஏறி, 2025 இறுதியில் 6.5 சதவீதத்துக்குக் கீழே நின்றது. ஆகவே கடன் வாங்கிய தேதி ஒன்று தெரிந்தாலே, அந்தக் குடும்பம் சுமக்கும் வட்டி எந்த உயரத்தில் இருக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. அரிசோனா உரிமம் உள்ள ஓர் அலுவலர் ஃபீனிக்ஸ் நகரம் அமைந்துள்ள மாரிக்கோப்பா கவுண்டியைத் தேர்ந்து, தனி வீடு, உரிமையாளர் குடியிருப்பது, 2023 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பதிவான கடன், கடன்–மதிப்பு விகிதம் 80-க்குக் கீழ் என்று நான்கு நிபந்தனைகளைப் போட்டால், வட்டி உச்சத்தில் சிக்கியவர்களின் பட்டியல் கிடைக்கும். 3,20,000 டாலர் கடனுக்கு 7.5 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 2,237 டாலர்; அதே கடன் 6.25 சதவீதத்தில் 1,970 டாலர். மாதம் 267 டாலர் மிச்சமாகும் என்பதே அலுவலர் எடுத்துச்செல்லும் செய்தி. பழைய கடனை அடைத்துப் புதிய கடனாக மாற்றும் இந்த ஏற்பாடு ‘ரீஃபைனான்ஸ்’, அதாவது மறுகடன், எனப்படுகிறது. அதற்கான கட்டணங்கள் கடனில் 2 சதவீதம் என்று வைத்தாலும் 6,400 டாலர் ஆகும். அது மீள 24 மாதங்கள் வேண்டும். அதற்குள் வீட்டை விற்றுவிடப்போகும் குடும்பத்துக்கு இது நட்டம். விற்கும் எண்ணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வடிகட்டிகளைச் சேர்த்துப் போடுவதில் உள்ள நுட்பத்துக்கு எஃப்.எச்.ஏ. கடன்கள் நல்ல எடுத்துக்காட்டு. கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு அளிக்கும் இக்கடனை, 580 கிரெடிட் ஸ்கோர் (கடன் நம்பக மதிப்பெண்) உள்ளவர் வெறும் 3.5 சதவீத முன்பணத்தில் பெறலாம். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் காப்பீட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2013 ஜூன் முதல், 10 சதவீதத்துக்கும் குறைவான முன்பணம் போட்டவர்களுக்கு இக்கட்டணம் கடன் தீரும்வரை நீங்குவதில்லை. அரசுக் காப்பீடு இல்லாத சாதாரணக் கடன்களில் அப்படியில்லை. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் தொடக்க மதிப்பை வைத்துக் கணக்கிடும் விகிதம் 80 சதவீதத்துக்கு வந்ததும் அவற்றுக்கான தனியார் காப்பீட்டை நீக்குமாறு கேட்கலாம், 78-இல் அது தானாகவே நீங்க வேண்டும். எனவே ‘எஃப்.எச்.ஏ. கடன், விகிதம் 80-க்குக் கீழ்’ என்று தேடி, வீட்டு விலை உயர்ந்தபின்னும் காப்பீடு கட்டிக்கொண்டிருப்பவர்களைச் சாதாரணக் கடனுக்கு மாற்றுவது என்பது நீண்டகாலமாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படும் பாடம். அதே வடிகட்டியைச் சாதாரணக் கடன்கள்மீது போடுபவர், பல வேளைகளில் ஒரு கடிதம் எழுதினாலே தீரக்கூடிய சிக்கலுக்குப் புதுக் கடனை விற்க முயல்கிறார்.

பாடம் சரியானதே, ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் வட்டி இறங்கிக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் சராசரி வட்டி 4.94 சதவீதம், அப்போது முன்பணம் குறைவாகப் போட்டு எஃப்.எச்.ஏ. கடன் வாங்கியவர் அதற்குமேல் ஆண்டுக்கு 0.85 சதவீதம் காப்பீடு கட்டுகிறார் என்றால், அவரது மொத்தச் சுமை 5.8 சதவீதத்தைத் தாண்டாது. காப்பீட்டை ஒழிப்பதற்காக 6 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டிக்கு மாறுவது அவருக்கு எவ்வகையிலும் லாபமில்லை. காப்பீட்டிலிருந்து விடுபடும் அளவுக்கு ஈக்விட்டி சேர்ந்தவர்கள் பழைய கடனாளிகள். வட்டி குறைவதால் பயன்பெறுவோர் புதிய கடனாளிகள். இவ்விரு வடிகட்டிகளையும் ஒருசேரப் போட்டால் தேறுவோர் சிலரே. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அறிவார்ந்தவை. பட்டியல் சிறியதாக வருகிறதே என்று ஒரு நிபந்தனையைத் தளர்த்தி ஆயிரம் பேருக்கு அழைப்பு விடுக்கும் அலுவலர், அந்த ஆயிரம் பேரில் பெரும்பான்மையோருக்குத் தேவையில்லாத ஒன்றை விற்கத் தொடங்குகிறார். இத்துறையின் பெரும்பாலான தொல்லைகள் தீய எண்ணத்தில் அல்ல, இந்தத் தளர்வில்தான் பிறக்கின்றன என்று கொள்ள இடமுண்டு.

முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. கடன்களில் அந்தத் தளர்வு சட்டம் தலையிடும் அளவுக்குப் போயிற்று. முன்பணமே இல்லாமல் கிடைக்கும் இக்கடன்களை எளிய நடைமுறையில் மறுகடனாக மாற்ற முடியும் என்பதால், சில நிறுவனங்கள் அதே படைவீரர்களைக் கடிதங்களாலும் அழைப்புகளாலும் துரத்திச் சில மாதங்களுக்கொருமுறை புதுக் கடனில் இறக்கி, ஒவ்வொரு முறையும் கட்டணங்களை அசலில் சேர்த்தன. 2018-இல் வந்த சட்டம், குறைந்தது ஆறு தவணைகளும் 210 நாட்களும் கடந்திருக்க வேண்டும், செலவு 36 மாதங்களுக்குள் மீள வேண்டும், நிலைவட்டியிலிருந்து நிலைவட்டிக்கு மாறினால் குறைந்தது அரை சதவீதமாவது வட்டி குறைய வேண்டும் என்று வரையறுத்தது. இன்று வி.ஏ. கடன் பட்டியல்களில் இந்த நாட்கணக்கும் ஒரு வடிகட்டி.

2.65, 3 சதவீத வட்டிகளில் கடன் பெற்றவர்கள் வீட்டை விற்கவும் மறுகடன் எடுக்கவும் மனமில்லாமல் அப்படியே அமர்ந்துவிட்டதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ‘பூட்டிக்கொண்ட நிலை’ என்று வருணிக்கின்றனர். 2022-க்குப் பின் வடிகட்டிகளின் திசையே மாறியதற்கு இதுவே காரணம். பழைய கடனைத் தொடாமல், சேர்ந்திருக்கும் ஈக்விட்டியின்மீது இரண்டாவது அடமானமாகத் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு ‘ஹீலாக்’ எனப்படுகிறது. இப்போது தேடப்படுவது குறைந்த வட்டி, அதிக ஈக்விட்டி, நீண்டகால உரிமை ஆகிய மூன்றும் கூடியவர். முன்பு மறுகடன் பட்டியலிலிருந்து முதலில் தள்ளப்பட்டவரும் அவரே. பத்தாண்டுகளுக்கு முன் ஹீலாக் பெற்றவர்களின் தேதியும் தேடப்படுகிறது. பணம் எடுக்கும் காலம் பெரும்பாலும் பத்தாண்டுகளில் முடிந்து, அசலும் சேர்ந்த பெரிய தவணை தொடங்கும்போது அவர்கள் மாற்றுவழி தேடுவார்கள் என்பது கணக்கு.

மேற்சொன்னவை யாவும் ஏற்கெனவே வீடு உள்ளவர்களைப் பற்றியவை. முதல் வீடு வாங்கப்போகும் குடும்பத்துக்குப் பதிவேட்டில் சுவடே இல்லை. அவர்களை முதலில் சந்திப்பவர் வீட்டுத் தரகர் என்பதால், அனுபவமுள்ள அலுவலர் வாங்குபவரை விட்டு, வாங்குபவரை அறிந்தவரைத் தேடுகிறார். லிங்க்ட்இன் நிறுவனத்தின் சேல்ஸ் நேவிகேட்டர் போன்ற சேவைகளில் பதவி, ஊர், அந்த வேலையில் கழித்த ஆண்டுகள், அண்மையில் பணி மாறியவரா என்பன போன்ற வடிகட்டிகள் உள்ளன. ஒரு நகரத்தின் தரகர்கள், மணவிலக்கு வழக்கறிஞர்கள், நிதி ஆலோசகர்கள் ஆகியோரை அவற்றால் பிரித்தெடுக்கலாம். மணவிலக்கு வழக்கறிஞர் இப்பட்டியலில் இருப்பது வியப்பாகத் தோன்றலாம். பிரியும் தம்பதியரில் வீட்டை வைத்துக்கொள்பவர் மற்றவரின் பங்கைக் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கடன் வேண்டும். ஆனால் இவர்களுக்குப் பரிந்துரைக் கூலி கொடுக்க முடியாது. 1974-ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டத்தின் எட்டாம் பிரிவு அதைக் குற்றமாக்கியுள்ளது.

பதிவேடுகளுக்கும் இத்தகைய சேவைகளுக்கும் அடுத்த மூன்றாவது ஊற்று, எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்கள். ஒருவரின் கடன் அறிக்கையைச் சட்டம் ஏற்கும் நோக்கமின்றிப் பார்க்கக்கூடாது என்பது பொதுவிதி; எனினும் 1970-ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டத்தில் 1996-இல் செய்யப்பட்ட திருத்தம், உறுதியான கடன் வாய்ப்பு அளிப்பதற்காக மட்டும் ‘முன்தேர்வு’ செய்ய இடமளித்தது. கடன் நிறுவனம் நிபந்தனைகளைச் சொல்கிறது: ஸ்கோர் 680-க்கு மேல், அடமானக் கடன் உண்டு, ஓராண்டாகத் தவணை தவறவில்லை. தகவல் நிறுவனம் பொருந்துவோரின் பட்டியலைத் தருகிறது. பட்டியலில் வந்த எல்லோருக்கும் கடன் வாய்ப்பை அளித்தாக வேண்டும். இந்த ஏற்பாட்டின் கூர்மையான வடிவமே ‘டிரிகர் லீட்’. ஒருவர் ஓர் இடத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்து, அங்கே அவரது கடன் அறிக்கை எடுக்கப்பட்ட நொடியே ஒரு தூண்டுதலாகி, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அச்செய்தி போட்டி நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. காலையில் விண்ணப்பித்தவரின் தொலைபேசி மாலைக்குள் ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது. அழைத்தவர்களில் சிலர், அவர் விண்ணப்பித்த வங்கியிலிருந்தே பேசுவதுபோலப் பேச்சை அமைத்தனர். மற்ற வடிகட்டிகள் எல்லாம் தேவையை ஊகிக்க, இது ஒன்றே தேவையை உறுதியாக அறிந்தது. அதனால்தான் மிகவும் விரும்பப்பட்டது, மிகவும் வெறுக்கவும்பட்டது.

வடிகட்டி யாரைத் தேர்கிறது என்பதைப் போலவே யாரை விடுகிறது என்பதும் அமெரிக்காவில் சட்டக் கேள்வி. 1930-களில் அரசின் வீட்டுக் கடன் கழகம் நகரங்களின் குடியிருப்புகளை நான்கு நிறங்களில் தரம் பிரித்து வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் ஆபத்தானவை என்று சிவப்பில் தீட்டப்பட்டன. இனத்தைப் பார்த்துக் கடன் மறுக்கும் வழக்கத்துக்குச் ‘செங்கோடிடுதல்’ என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும் 1974-இல் இயற்றப்பட்டு 1976-இல் இனத்துக்கும் விரிவாக்கப்பட்ட சமக்கடன் வாய்ப்புச் சட்டமும் அதைத் தடைசெய்தன. வரைபடம் போனாலும் அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறது. இணைய விளம்பரங்களில் வயது, பாலினம் என்ற தேர்வுப் பெட்டிகளும் வந்தன. ஃபேஸ்புக்கில் வீட்டுவசதி விளம்பரம் தருபவர் குறிப்பிட்ட இனச் சார்புள்ளவர்களை விலக்கிவிட முடிகிறது என்பதை 2016 அக்டோபரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. குடிமை உரிமை அமைப்புகளின் வழக்குகளுக்குப் பின் 2019 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வீடு, வேலை, கடன் விளம்பரங்களுக்கு வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய வடிகட்டிகளை ஃபேஸ்புக் நீக்கியது. இடத்தைக் குறிப்பதானாலும் குறைந்தது 15 மைல் ஆரமாவது இருக்க வேண்டும் என்றாயிற்று. கூகுளும் 2020-இல் இவ்வழிக்கு வந்தது.

கடிதமும் அழைப்பும் அனுப்பாமல் விடுவதும் சட்டமீறலாகலாம் என்பதைக் கலிஃபோர்னியாவின் சிட்டி நேஷனல் வங்கி 2023 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதித் துறையுடன் செய்துகொண்ட 3.1 கோடி டாலர் உடன்பாடு காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் அவ்வங்கி கடன் சேவையைத் தவிர்த்தது, அங்கே தன்னை விளம்பரப்படுத்தவும் இல்லை என்பது குற்றச்சாட்டு. ‘வீட்டு விலை 8,00,000 டாலருக்கு மேல்’ என்ற, இனத்தின் பெயரையே உச்சரிக்காத ஒற்றை நிபந்தனைகூட ஒரு நகரத்தின் பாதியை இருட்டில் விட்டுவிடக்கூடும் என்பதால், பெரிய நிறுவனங்களில் பட்டியலை விற்பனைப் பிரிவு போட்டாலும் அதைச் சட்ட இணக்கப் பிரிவு பார்த்தபின்பே கடிதம் போகிறது. தொலைபேசிக்குத் தனி விதிகள் உண்டு: ‘அழைக்க வேண்டாம்’ என்று பதிந்தவர்களின் தேசியப் பதிவேட்டோடு பட்டியலை 31 நாட்களுக்கு ஒருமுறையாவது ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும், 1991-இன் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மீறும் ஒவ்வோர் அழைப்புக்கும் 500 முதல் 1,500 டாலர் வரை இழப்பீடு கோரலாம்.

டிரிகர் லீட்களின் கதை 2025 செப்டம்பர் 5-இல் கையெழுத்தான வீடு வாங்குவோர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தோடு திசைமாறியது. 180 நாட்கள் கழித்து, 2026 மார்ச்சில் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்ட அச்சட்டம், விண்ணப்பதாரரே ஒப்புதல் தந்திருந்தாலோ, செய்தியை வாங்குபவர் விண்ணப்பதாரரின் இன்றைய வீட்டுக் கடனை அளித்த அல்லது தவணை வசூலித்து நிர்வகிக்கும் நிறுவனமாகவோ, அவர் கணக்கு வைத்துள்ள வங்கி அல்லது கடன் சங்கமாகவோ இருந்தாலோ மட்டுமே இச்செய்தியை விற்கலாம் என்று குறுக்கியது. விதிவிலக்குகளைக் கவனித்தால் யார் கை ஓங்குகிறது என்பது புரியும். தவணை வசூலிக்கும் நிறுவனத்துக்கு மதிப்பிடப்பட்ட வட்டி தேவையில்லை, உண்மை வட்டி தெரியும். மீதக் கடன் காசு சுத்தமாகத் தெரியும். கூடுதலாகச் செலுத்திய மாதமும் தெரியும். 2025 அக்டோபரில் ராக்கெட் நிறுவனம், நாட்டின் மிகப் பெரிய கடன் நிர்வாக நிறுவனமான மிஸ்டர் கூப்பரை வாங்கி முடித்தபோது, அமெரிக்க வீட்டுக் கடன்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்றின் கணக்கேடு ஒரே கூரையின்கீழ் வந்தது. பிறர் சந்தா கட்டி ஊகித்துத் தேடும் ஒவ்வொரு வடிகட்டியையும் அந்நிறுவனம் தன் சொந்த ஏட்டின்மீதே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.